அப்பா போனால் அழுமா பிள்ளை?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உளவியல் படிச்சவன்தானே, குழந்தை வளர்ப்பு பத்திப் பேசு" என்று செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அம்மாவைப் பற்றிப் பேச இங்கே நிறையப் பேர் உண்டு. நான் அப்பாவைப் பற்றிப் பேசுகிறேன்.

1951-இல் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். தாயைப் பிரிந்த குழந்தை என்ன பாடுபடும் என்பதைப் பலரும் உணர்ந்தது அதற்குப் பிறகுதான். அதில் அப்பா என்பவர் சம்பாதித்துப் போடுபவர், அம்மாவுக்குத் துணை நிற்பவர், அவ்வளவுதான்.

1964-இல் வெளியான ஷாஃபர், எமர்சன் ஆய்வு வேறு மாதிரி சொன்னது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் குழந்தைகள் 60 பேர். வீட்டுக்கே போய், யார் விட்டுப் போனால் குழந்தை அழுகிறது என்று தாய்மாரிடம் கேட்டுக் குறித்தார்கள். 18 மாதம் ஆகும்போது நூற்றுக்கு 75 குழந்தைகளுக்கு அப்பாவிடமும் ஒட்டுதல் வந்திருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. நாள் முழுக்கக் கூட இருப்பவரிடம்தான் குழந்தை ஒட்டும் என்பதில்லை. அழுதால் திரும்பிப் பார்க்கிறவர், சிரித்தால் கூடச் சிரிக்கிறவர் யாரோ, அவரிடம் ஒட்டியது.

இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கினேன். வீட்டில்தான் கோட்டை விட்டேன்.

மகன் பிறந்தபோது எனக்கு வெளியூர் வேலை. சனி இரவு வந்து ஞாயிறு இரவு பஸ் ஏறுவேன். பெரியவங்க எதிரே சொந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. என் அப்பாவும் என்னைத் தூக்கியதில்லை. நான் தூங்கின பிறகு வந்து போர்வையைச் சரி செய்வாராம், அம்மா சொல்லித்தான் தெரியும்.

பையனுக்கு ஒன்றரை வயசு. ஒரு ஞாயிறு நான் கிளம்பியபோது டாட்டா காட்டிவிட்டு விளையாடப் போய்விட்டான். "எவ்வளவு சமத்து!" என்றார்கள். அது சமத்து இல்லை என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். கிளாஸ்கோ கணக்கில் நான் அந்த மிச்சம் 25-இல் ஒருவன்.

அடுத்த வாரம் அப்பா திண்ணையில் இருக்கும்போதே பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் என் பொறுப்பு. முதலில் கத்துவான், அம்மாவிடம் ஓடுவான். குளியல் ஒரு சாக்குதான். அந்த அரை மணி நேரம் அவன் எதைக் காட்டினாலும் பார்த்தேன், எதைக் கேட்டாலும் பதில் சொன்னேன்.

இங்கே ஒரு வார்த்தை தம்பிகளுக்கு. சுவீடன் 1974-லேயே பிள்ளை வளர்க்கும் விடுப்பை அப்பாவுக்கும் கொடுத்துவிட்டது. நம் மத்திய அரசில் ஆண் ஊழியருக்கு, இரண்டு குழந்தைகளுக்குள் இருந்தால், 15 நாள் உண்டு. எழுதிக் கொடுத்து வாங்க வெட்கப்படாதீங்க. எங்கள் காலத்தில் மனைவி பிரசவத்துக்கு லீவு கேட்டால், "நீயா பெறப் போறே?" என்பார்கள்.

நாலைந்து மாதம் ஆனது. ஒரு ஞாயிறு இரவு பையைத் தூக்கினேன். ஓடி வந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படி ஓர் அழுகை. பஸ் போய்விட்டது. திங்கட்கிழமை மதியம்தான் ஆபீஸ் போனேன். மேலதிகாரி நன்றாகத் திட்டினார். நான் சிரித்துக்கொண்டு நின்றதில் அவருக்குக் கோபம் இன்னும் கூடியது.

செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார்.