பிள்ளையின் இருதயமும் தந்தையின் காணி உறுதியும்

(திருநெல்வேலியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இம்மேடையில் நாம் வழக்கமாகப் பேசும் பொருள் மொழியுரிமையும் காணியுரிமையுமாகும். இன்று ஒரு குழந்தையின் கைப்பிடிக்குள் அடங்கிவிடும் சின்னஞ்சிறு உறுப்பைப் பற்றிப் பேசப் புகுகின்றோம். இதுவும் உரிமை வழக்கே என்பது போகப் போக விளங்கும்.

சென்ற ஆண்டு வெண்காய அறுவடைக் காலத்தில் கமக்காரர் ஒருவர் எமது அலுவலகத்துக்கு வந்தார். செம்மண் ஒட்டிய கால். கையில் ஒரு காணி உறுதி. மூன்று பரப்புத் தோட்டத்தை ஈடு வைக்க வேண்டும், இன்றைக்கே எழுதித் தரவேண்டும் என்றார். காரணம் கேட்டோம். நான்கு வயது மகளின் இருதயத்தில், கீழறைகள் இரண்டுக்கும் இடைப்பட்ட சுவரில் துவாரம். பிள்ளை ஓடினால் இளைக்கிறது. உண்டாலும் உடல் தேறவில்லை. அரசாங்க வைத்தியசாலையிலே பணம் வேண்டியதில்லை. ஆனால் நாள் கிடைக்கப் பல மாதம் செல்லும். தனியார் வைத்தியசாலையிலோ நாள் உண்டு. கேட்கும் தொகை இலட்சக் கணக்கு.

அன்று நாம் அந்த உறுதியை எழுதவில்லை. ஏனென்றால், பல ஆண்டுகளுக்கு முன் இதேபோல் வந்த வேறொருவருக்குக் காரணம் ஒன்றும் கேளாமல் ஈட்டு உறுதி எழுதிக் கொடுத்தவர்கள் நாம். அந்தப் பிள்ளை பிழைத்தது. காணி மீளவில்லை. தகப்பனார் தமது தோட்டத்திலேயே பிறருக்குக் கூலியாக மண் கொத்தியதை நாமே கண்டோம். சட்டப்படி எம்மீது குற்றமில்லை. மனச்சாட்சி வேறு நீதிமன்றம்.

இவ்வகைக் குறை அபூர்வமானதன்று. ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் எட்டுப் பேரளவில் இருதயக் குறையோடு பிறக்கின்றனர் என்பது உலகெங்கும் மருத்துவர் ஒப்பும் கணக்கு. 2023இல் இலங்கையில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பிறப்புகள். பெருக்கிப் பாருங்கள்; ஆண்டொன்றுக்கு இரண்டாயிரம் பிள்ளைகள். எல்லாருக்கும் கத்தி வைக்க வேண்டியதில்லை. சில துவாரங்கள் தாமே மூடிக்கொள்ளும். சில மருந்தோடு அமையும். எஞ்சியோருக்கோ காலம் தவறினால் நுரையீரல் கெட்டுவிடும். பின்னர் எவ்வளவு பணம் கொட்டினும் பயனில்லை. ஆகவே "அடுத்த போகத்துக்குப் பார்ப்போம்" என்று சொல்லத்தக்க நோய் அன்று இது. சொந்தத்துக்குள் மணம் முடிப்பதாலும் இக்குறை கூடுகின்றது என்கின்றனர் வைத்தியர். காணி வெளியே போகக் கூடாதென்று மைத்துனிக்கு மணம் பேசும் எம்மவர் இதனையும் சற்று எண்ணுவார்களாக.

இந்தச் சத்திரசிகிச்சை எப்படி வந்தது என்பதைக் கேளுங்கள். 1954 மார்ச்சில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் லில்லஹை என்னும் சத்திர வைத்தியர், துவாரமுள்ள ஒரு பிள்ளையின் இரத்தக் குழாய்களைத் தகப்பனின் இரத்தக் குழாய்களோடு இணைத்தார். பிள்ளையின் இருதயத்தைத் திறந்து தைக்கும் வரை தகப்பனின் இருதயமே இருவருக்கும் உழைத்தது! அந்தப் பிள்ளை சில நாட்களின் பின் நிமோனியாவால் மாண்டது. எனினும் அம்முறையால் பின்னர் பல பிள்ளைகள் பிழைத்தனர். பின்பு இயந்திரம் அவ்வேலையை ஏற்றுக்கொண்டது. எமது கமக்காரரும் தமது உடலைக் கொடுக்கத் தயாராகவே வந்தார். அவரிடம் கேட்கப்பட்டதோ காணி.

தருமத்தை நாம் குறைத்து மதிப்பவரல்லர். 1975இல் உகண்டா நாட்டிலிருந்து ஐந்து வயதுச் சிறுமியொருத்தியை நியூயோர்க்குக்கு அழைத்துச் சத்திரசிகிச்சை செய்வித்தனர் றோட்டறிக் கழகத்தார். அதிலிருந்து உலகளாவிய இயக்கமே வளர்ந்தது. எமது நாட்டிலும் சிறுவர் வைத்திய நிபுணர் கல்லூரியார் "லிற்றில் ஹார்ட்ஸ்" என்னும் பெயரில், கொழும்புச் சீமாட்டி றிட்ஜ்வே வைத்தியசாலையில் இருதய சிகிச்சைக் கட்டிடம் எழுப்ப 200 கோடி ரூபாயை இலக்காக வைத்து மக்களிடம் கையேந்தினர். நன்று. ஆயினும் ஒரு வரலாற்றை நினைவூட்டுகின்றோம். எமது யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி 1850இல், டைக் துரை அரசாங்க அதிபராயிருந்த காலத்தில், "பிரெண்ட் இன் நீட்" சங்கத்தின் தரும வைத்தியசாலையாகத் தொடங்கிற்று. 1907இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. தருமம் வழிகாட்டியது, அரசாங்கம் கடமையாக ஏற்றது. அவ்வாறே இதுவும் ஆகவேண்டும் என்பதே எமது வாதம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1978 அரசியலமைப்பில் சுகாதாரம் அடிப்படை உரிமையாக வரையப்படவில்லை. போதிய வாழ்க்கைத் தரம் என்னும் வாசகம் 27ஆம் உறுப்புரையில், அரச கொள்கை நெறிகளில் உண்டு. ஆனால் 29ஆம் உறுப்புரை, அந்நெறிகளைக் காட்டி எவரும் நீதிமன்றம் ஏற முடியாதெனக் கதவைச் சாத்திவிட்டது. கொடுப்பது போல் கொடுத்து எடுத்துக்கொள்வதற்கு இதனினும் நல்ல உதாரணம் எமக்குத் தெரியாது! அண்டை நாடான இந்தியாவிலோ 1996இல் உயர் நீதிமன்றம், அவசர சிகிச்சை மறுக்கப்படுவது உயிர்வாழும் உரிமைக்கு மாறானது என்று தீர்த்தது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2008இலேயே இளஞ்சிறார் இருதய பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

இருப்பதையாவது பயன்படுத்துகின்றோமா? 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஜனாதிபதி நிதியம் இருதய சிகிச்சைக்கு உதவுகின்றது. முன்னர் அதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டும். 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். எமது கமக்காரருக்கு இது தெரியாது. அவர் மைத்துனர் ஓர் எழுதுவினைஞர், அவருக்கும் தெரியாது! விண்ணப்பத்தை நாமே நிரப்பினோம். நிதியம் ஒரு பகுதி தந்தது. ஊரார் ஒரு பகுதி. கனடாவிலுள்ள உறவினர் எஞ்சியது. பிள்ளை இன்று முன்பள்ளிக்குப் போகின்றாள். எமக்கு நொத்தாரிசுக் கட்டணம் நட்டம்.

ஆனால் நானூறு கிலோமீற்றர் அப்பால் தாயும் பிள்ளையும் வாரக் கணக்காகத் தங்கினர். தகப்பனார் கடைத் திண்ணையில் உறங்கினார். தோட்டத்துக்கு நீர் இறைக்க ஆளில்லை. எந்த நிதியமும் இதற்குக் கொடுப்பதில்லை. 2006 ஆவணியில் கண்டி வீதி மூடப்பட்டபோது, தூரம் எத்தகைய எதிரி என்பதை இங்குள்ள ஒவ்வொரு தாயும் கண்டாள். யாழ்ப்பாணத்திலே சிறுவருக்கான முழுமையான இருதய சத்திரசிகிச்சைப் பிரிவு வேண்டுமென நாம் கேட்பது அதனாலேயே.

அதுவரை ஊர்ச் சங்கமொன்று அமைப்போம். பயணம், தங்குமிடம், தோட்டத்துக்கு மாற்றாள், இவை மூன்றும் அதன் பணி. நிபந்தனை இரண்டு. பிள்ளையின் சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டும் படத்தை எப்பத்திரிகைக்கும் கொடுத்தலாகாது; வைத்தியர் கடிதம் போதும். மற்றையது, கணக்கு. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டப்படி, பொதுத் தரும நிதியில் அக்கறையுள்ள ஐவர் சேர்ந்து நீதிமன்றத்தில் கணக்குக் கேட்கலாம். கோயில் வழக்குகளால் எம் போன்றோருக்கு இது மனப்பாடம். இச்சங்கத்தால் எமக்கு அவ்வருமானம் வராதிருக்கட்டும்!

உறுதிப்பத்திர நகல் மேசைமேல் இருக்கின்றது. இப்போது வாசிக்கப்படும். திருத்தம் சொல்ல விரும்புவோர், குறிப்பாகத் தாய்மார், முன்னே வந்து அமருங்கள்.