செங்கண்மாரிக்கு இரத்தப் பரிசோதனை ஏன்?

(தோட்டத்துக் குடும்பங்களின் சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாம் பேசப் போவது செங்கண்மாரி பற்றி. மஞ்சள் காமாலை என்றும் சொல்றோம். லயத்தில் ஒருத்தருக்குக் கண் மஞ்சளானால், கீழ்காய்நெல்லியை அரைச்சுக் குடி என்பார் ஒருவர். மந்திரிச்சா சரியாயிடும் என்பார் இன்னொருவர். ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுக்கலாம் என்றால், "ஒரு நாள் பேர் போயிடுமே" என்ற கவலை. அது நியாயமான கவலைதான். ஒரு நாள் சம்பளம் நமக்குச் சின்ன விஷயமில்லை. ஆனாலும் அந்த ஒரு நாளை ஏன் கொடுக்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் ஒன்றை மனதில் வைப்போம். கண் மஞ்சளாவது ஓர் அடையாளம் மட்டுமே. கூரைக்கு மேலே புகை தெரிந்தால் அது அடுப்புப் புகையா, வீடு பற்றிய புகையா என்று உள்ளே போய்ப் பார்த்தால்தானே தெரியும்? இங்கே உள்ளே போய்ப் பார்க்கும் வழிதான் இரத்தப் பரிசோதனை.

நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடிருந்து, பிறகு உடைந்து போகும். உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகும். ஈரல் அதைப் பிடித்து, தண்ணீரில் கரையும்படி மாற்றி, பித்தத்தோடு குடலுக்கு அனுப்பும். மலத்துக்கு நிறம் வருவதும் இதனால்தான். இந்தப் பாதையில் மூன்று இடத்தில் கோளாறு வரலாம். இரத்த அணுக்கள் அளவுக்கு மீறி உடையலாம். ஈரலே நோயில் விழலாம். பித்தக்குழாய் கல்லாலோ கட்டியாலோ அடைபடலாம். மூன்றிலும் கண் மஞ்சள்தான். வைத்தியம் மட்டும் வேறு வேறு.

இதைப் பிரித்தறியும் சோதனை பழையது. 1883 இல் ஜெர்மனியில் எர்லிக் என்ற வைத்தியர், பிலிரூபினோடு சேர்ந்தால் நிறம் மாறும் ஒரு இரசாயனத்தைக் கண்டுபிடித்தார். 1916 இல் ஒல்லாந்து வைத்தியர் வான் டென் பெர்க், முல்லர் என்பவரோடு சேர்ந்து இன்னொன்றைக் கண்டார். சிலருடைய இரத்தநீரில் இந்த இரசாயனத்தை விட்டவுடனே நிறம் வந்தது. சிலருடையதில் மதுசாரம் கலந்த பிறகே வந்தது. உடனே நிறம் தருவது ஈரல் மாற்றி முடித்த பிலிரூபின். இதை 'நேர்' பிலிரூபின் என்கிறார்கள். மற்றது ஈரல் இன்னும் மாற்றாதது. அது 'மறை' பிலிரூபின். ரிப்போட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதுவது இதனால்தான்.

பெரியவர்களுக்கு 100 மில்லிலீட்டர் இரத்தநீரில் மொத்தப் பிலிரூபின் சுமார் 1 மில்லிகிராம் வரை இருப்பது வழக்கம். 2, 3 என்று ஏறிய பிறகே கண்ணில் மஞ்சள் தெரியும். சில ஆய்வுகூடங்கள் மைக்ரோமோல் கணக்கில் எழுதும். அதில் 1 மில்லிகிராம் என்பது சுமார் 17 ஆக வரும். 17 என்று கண்டு பயந்துவிடாதீங்க.

கூடவே ஈரலின் நொதிகளையும் பார்ப்பார்கள். எஸ்.ஜி.பி.டி. என்பது ஈரல் கலங்கள் சேதமானால் இரத்தத்தில் கசியும். வழமையாக 40 அளவில் இருப்பது, வைரசு ஈரல் அழற்சியில் பல நூறு, ஆயிரம் என்று ஏறும். பித்தக்குழாய் அடைபட்டால் அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்பது அதிகம் ஏறும். அடைப்பு உள்ளவருக்கு மலம் வெளுத்து, மூத்திரம் கறுத்த தேயிலைச் சாயம்போல் போகும், உடம்பும் அரிக்கும். இதையெல்லாம் வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்க.

கான் வெட்டுகிறவர்களும் மரக்கறித் தோட்டம் செய்கிறவர்களும் இதைக் கவனமாகக் கேளுங்க. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் என்று வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதில் பிலிரூபின் மிகவும் ஏறியிருந்தாலும், ஈரல் நொதிகள் அந்தளவு ஏறாமலிருப்பதுண்டு. சிறுநீரகமும் கெடலாம் என்பதால் யூரியா, கிரியேட்டினின் இரண்டையும் பார்ப்பார்கள். நேரத்தோடு மருந்து கொடுத்தால் குணமாகும். பத்தியம் இருந்து நாளைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

பச்சைக் குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறந்து சில நாளில் பல பிள்ளைகளுக்கு இலேசாக மஞ்சள் வந்து தானாகவே மறையும். ஆனால் பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கால் வரை பரவினாலும், பிள்ளை பால் குடிக்காமல் தூங்கிக்கிட்டே இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அளவுக்கு மீறிய பிலிரூபின் மூளையைக் கெடுத்துவிடும். லயத்துக் காம்பரா இருட்டில் மஞ்சள் தெரியாது. பகலில் வாசலுக்குக் கொண்டுவந்து கண்ணைப் பாருங்க. குதிகாலில் ஒரு சின்னக் குத்து, சில துளி இரத்தம் போதும். நீல வெளிச்ச வைத்தியம் தேவையா என்று தெரிந்துவிடும். வெயிலில் காட்டுவது அதற்கு ஈடாகாது.

ஆகவே கண் மஞ்சளானால் முதலில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய்த் துண்டு வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனைக்குக் காசில்லை. குடித்த பச்சிலை, விழுங்கிய பனடோல், கசிப்பு எதையும் மறைக்காதீங்க. முதல் ரிப்போட்டைப் பத்திரமாக வையுங்க. அடுத்த தடவை அளவு ஏறுதா இறங்குதா என்பது அதை வைத்துத்தான் தெரியும். நோயாளி பிதற்றினாலோ, மயங்கினாலோ, இரத்தம் கசிந்தாலோ விடியும்வரை பார்த்திருக்காதீங்க.

ஒருத்தருக்கு ஹெப்படைட்டிஸ் ஏ என்று தெரிந்தால் அது லயம் முழுவதற்கும் எச்சரிக்கை. 2007 இல் கம்பளைப் பகுதியில் அது பரவியதை நாம் மறக்கக்கூடாது. பீலித் தண்ணியானாலும் குழாய்த் தண்ணியானாலும் கொதிக்க வைத்துக் குடிப்போம். கக்கூசுக்குப் போய்வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவோம். அந்த வீட்டாருக்கு ஒரு நாள் பேர் போனால், பக்கத்துக் காம்பராக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, ஒரு நேரச் சோறும் கொடுத்து உதவுவோம்.