புகையும் ஒரு மசாலாதான்

(பொதுக்குழுக் கூட்டத்தில், மொட்டை மாடியில் அடுப்பு மூட்டுவதற்குத் தடை கோரும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருமுன் ‘பி’ பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



முதலில் ஒரு மன்னிப்பு. புத்தாண்டு இரவு மொட்டை மாடியில் நாங்கள் கோழி சுட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று சாப்பிட்டவர்களைவிட இருமியவர்கள்தான் அதிகம். நான்காவது மாடியில், ஏற்கெனவே வீசிங் தொந்தரவு உள்ள அம்மா ஒருவருக்கு இரவு பதினொரு மணிக்கு நெபுலைசர் வைக்க வேண்டி வந்தது. அந்த அடுப்பை மூட்டியவன் நான்தான். மறுநாளே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் விளைவுதான் இன்றைய தீர்மானம். தடை போட உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு முன் பத்து நிமிஷம் விறகைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். “விறகைப் பற்றிப் பேச என்ன சார் இருக்கு?” என்று செயலாளர் சிரித்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது, அன்று இரவு வரை.

அன்று நாங்கள் எரித்தது என்ன? புயலில் முறிந்து விழுந்த நம் மாமரத்தின் கிளை. வெட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அது பற்றவில்லை என்று, யாரோ சமையலறை அலமாரியை மாற்றியபோது போட்டுவைத்த பிளைவுட் துண்டுகளைச் சேர்த்தோம். அதுவும் பற்றவில்லை என்று மண்ணெண்ணெய். கோழி கசந்தது. பாதியைக் குப்பையில்தான் போட்டோம். கோழி கசந்ததற்கும் அந்த அம்மா இருமியதற்கும் காரணம் ஒரே புகை என்று பிறகுதான் புரிந்தது. இறைச்சியைக் கெடுக்கிற புகைதான் பக்கத்து வீட்டையும் அதிகம் படுத்துகிறது. நான் சொல்ல வந்ததும் இதுதான்.

விறகுக்குள் என்ன இருக்கிறது?

மரத்துக்கு உறுதி தரும் பொருள்களில் ஒன்று லிக்னின். அது சூட்டில் உடையும்போது குவாயகால், சிரிங்கால் என்ற பொருள்கள் வருகின்றன. நாம் ‘புகை வாசம்’ என்று சொல்வதில் பெரும்பங்கு இவற்றுடையது. மரத்துக்கு மரம் இவற்றின் அளவும் கூட்டும் மாறும். அதனால்தான் கொய்யா விறகில் சுட்டது ஒரு ருசி, புளிய விறகில் சுட்டது ஒரு ருசி.

ஆனால் இந்த நல்ல வாசம் வர விறகு காய்ந்திருக்க வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராகவே இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே தீயின் சூடு போய்விடும். விறகு எரியாமல் பொருமும். கெட்டியான வெள்ளைப் புகை கிளம்பும். அந்தப் புகை இறைச்சியில் தார் போலப் படிந்து கசக்கும். நன்றாகக் காய்ந்த விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். அதற்குப் பிளந்து அடுக்கி, மழை படாமல், குறைந்தது ஆறு மாதமாவது காயவிட வேண்டும். சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு துண்டுகளை மோதிப் பாருங்கள். காய்ந்தது ‘டங்’ என்று ஒலிக்கும், ஈரமானது ‘தொப்’ என்று அடங்கிவிடும். வெட்டு முனையில் வெடிப்பு ஓடியிருந்தால் நல்ல அடையாளம்.

கரி சூட்டுக்கு, விறகு மணத்துக்கு

நாங்கள் செய்த அடுத்த தவறு, முழுக்க விறகிலேயே சுட நினைத்தது. அது தோட்டம் துரவு உள்ளவர்களுக்குச் சரி. நமக்குச் சூடு கரியிலிருந்து வரட்டும். விறகு மணத்துக்கு மட்டும் போதும்.

கரி என்பது ஏற்கெனவே புகையை விட்டுவிட்ட மரம். அதனால்தான் அதில் புகை குறைவு, மர வாசமும் குறைவு. கொட்டாங்குச்சிக் கரி நமக்கு நன்றாகப் பழகியது. தெருமுனை இஸ்திரிப் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். சூடு அதிகம், சீராக நின்று எரியும். கொட்டாங்குச்சியை அப்படியே போட்டால் மட்டும் முதலில் கரும்புகை வரும். அது முழுக்கத் தணலாகும் வரை காத்திருக்க வேண்டும்.

இந்தத் தணலின் மேல் கைமுட்டி அளவில் ஒன்றிரண்டு விறகுத் துண்டுகள் போதும். நான் புகையை மசாலா என்று சொல்வது இதனால்தான். ஒரு கிலோ கறிக்கு ஒரு கிலோ பட்டையா போடுகிறோம்?

எந்த மரம்?

கோழிக்கும் மீனுக்கும் மென்மையான புகை வேண்டும். என் முதல் தேர்வு கொய்யா. ஹவாய்த் தீவுகளில் இறைச்சி புகையூட்டக் கொய்யா விறகைத் தேடி வாங்குகிறார்கள். ஜமைக்காவின் புகழ்பெற்ற ‘ஜெர்க்’ கோழியைப் பிமென்டோ மர விறகில் சுடுவார்கள். கொய்யாவும் அந்த மரமும் ஒரே தாவரக் குடும்பம். காய்ந்த மா விறகும் நல்லதே. எங்கள் தவறு மாமரத்தில் இல்லை, ஈரத்தில்.

ஆட்டுக்கறி கனமான புகையைத் தாங்கும். புளிய விறகு அதற்குப் பொருத்தம். அடர்த்தியானது, தணல் நெடுநேரம் நிற்கும். சவுக்கு எளிதாகக் கிடைக்கும், சூடும் நன்றாகத் தரும். அதன் இலையைப் பார்த்து ஊசியிலை மரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பைன் வகை அல்ல, தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இப்போது ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மெஸ்கீட் என்ற மரத்தை மாட்டிறைச்சி சுடுவதற்கென்றே பயன்படுத்துகிறார்கள். சிறு துண்டுகளாக்கிப் பையில் போட்டு விற்கிறார்கள். நம் ஊரிலும் அதை இறக்குமதி செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மெஸ்கீட், நாம் தினமும் திட்டுகிற சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் கரியில் பெரும்பகுதி இந்த மரம்தான். நாம் கடையில் வாங்கும் கரியும் அதுவாகவே இருக்கலாம். ஆக, மெஸ்கீட் வாசம் வேண்டுமென்றால் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனம். இந்த விறகின் புகை காட்டமானது. சீக்கிரம் சுட்டு எடுக்கும் துண்டுக்கறிக்கு அழகு. மணிக்கணக்கில் புகையில் வைத்தால் கசந்துவிடும். டெக்சாஸிலேயே பல மணி நேரம் வேகும் பெரிய இறைச்சிக்கு ஓக் மரத்தைத்தான் பலர் நாடுகிறார்கள்.

கிட்டேயே சேர்க்கக் கூடாதவை

இதை மட்டும் தயவுசெய்து எல்லோரும் நினைவில் வையுங்கள்.

அரளி வேண்டவே வேண்டாம். நம் வளாகச் சுவர் ஓரமாக வரிசையாக நிற்கிறது. அதன் எல்லாப் பாகமும் விஷம். விறகாக மட்டுமல்ல, கறி கோக்கும் குச்சியாகக்கூட ஒடிக்கக் கூடாது. எருக்கும் அப்படியே.

பிளைவுட், எம்டிஎஃப் போன்றவற்றின் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு இருக்கும். பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் சட்டத்தில் ஈயம் இருக்கலாம். கரையான் மருந்து அடித்த மரமும் கூடாது. சரக்குப் பெட்டிகளின் பலகைகள் பெரும்பாலும் பைன் மரம், பிசின் அதிகம், கரி படியும். அவற்றில் ‘எம்.பி.’ என்ற முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டப்பட்டவை என்று பொருள்.

வேம்பும் தைலமரமும் விஷமில்லை என்றாலும் வேண்டாம். வேப்பம்புகை கொசுவை விரட்டட்டும். தைலமர விறகில் சுட்ட மீன் தைலம் தடவியது போலத்தான் இருக்கும்.

மூட்டும் முறை

முதலில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஜன்னல்கள் உள்ள பக்கம் போனால் அடுப்பை இடம் மாற்றுங்கள், அல்லது அன்று விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், தேங்காய் நாரும் காகிதமும் போதும். கரியின் மேல் சாம்பல் பூக்க அரை மணி நேரம் ஆகும். அவசரப்பட வேண்டாம். தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, விறகுத் துண்டை அதன் மேல் வையுங்கள். வெள்ளைப் புகை மெலிந்து லேசான நீலமாகும். அப்போதுதான் கறியை ஏற்ற வேண்டும், அதுவும் தணல் இல்லாத பக்கத்தில். கொழுப்பு தீயில் சொட்டினால் எழும் புகையில் உடம்புக்கு ஆகாத பொருள்கள் உருவாகின்றன. குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பில்தான் புகை நன்றாகப் பிடிக்கும். அதனால் ஆரம்பத்தில் போட்ட விறகே போதும். போகப் போக விறகைத் திணிப்பதால் ருசி கூடாது, புகைதான் கூடும். விறகைத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கமும் வேண்டாம். அது ஆவியைத்தான் தரும். கோழி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட்டதா என்று தெர்மாமீட்டரால் பாருங்கள். மேலே நிறம் வந்ததை நம்ப வேண்டாம்.

பால்கனியிலோ வீட்டுக்குள்ளோ கரி அடுப்பு கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய அறையில் உயிரையே எடுத்துவிடும். தணல் அணைந்தது போலத் தெரிந்தாலும் மறுநாள் வரை உள்ளே கனன்றுகொண்டிருக்கும். சாம்பலைத் தகர டப்பாவில் போட்டு மூடுங்கள், குப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

சைவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இதே கொய்யா விறகில் கத்தரிக்காய் சுட்டுத் துவையல் அரைத்துப் பாருங்கள். ஆனால் அதற்கென்று தனிக் கம்பி வலை, தனி இடுக்கி வாங்க வேண்டும். அந்தச் செலவை நாங்கள் ஏற்கிறோம்.

நான் கேட்பது இவ்வளவுதான். முழுத் தடைக்குப் பதில் ஒரு கட்டுப்பாடு. மாதத்தில் ஒரு நாள், மாலை ஆறு முதல் எட்டு வரை. காய்ந்த விறகு மட்டும், அதுவும் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருப்பது மட்டும். இரண்டு நாள் முன்னதாக வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு. பக்கத்தில் ஒரு வாளி மணலும் தீயணைப்பானும். நான்காவது மாடி அம்மாவுக்கு நேரில் சொல்லி, அவர் சரி என்றால்தான் அடுப்பு. எவ்வளவு நல்ல விறகானாலும் புகை புகைதான். மூச்சுத் திணறல் உள்ளவருக்கு நல்ல புகை என்று ஒன்று கிடையாது. அவர் வேண்டாம் என்றால் அன்று நாங்கள் தோசை சாப்பிடுகிறோம்.



(ஆசிரியர் குறிப்பு: வாக்கெடுப்பில், மேற்சொன்ன நிபந்தனைகளுடன் ஆறு மாதச் சோதனைக்கு ஒப்புதல் கிடைத்தது. காய்ந்த கொய்யா விறகு வைத்திருப்போர் சங்க அலுவலகத்தில் சேர்க்கலாம்.)