ரோபோ வரும்வரை காத்திருக்க வேண்டாம்

(உவரியில் பெற்றோர்களிடையே இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உங்களில் பலருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருக்கும். ஒரு குழந்தையைப் பட்டை கட்டித் தூக்கி நிறுத்தி, இரண்டு காலிலும் இயந்திரக் கால் மாட்டி, டிரெட்மில் மேல நடக்க வைக்கிறாங்க. எதிரே திரையில் ஒரு விளையாட்டு ஓடுது. குழந்தை சிரிக்குது. கால் ஊன்றாத பிள்ளையை இடுப்பில் சுமக்கிற தாய்க்கு அதைப் பார்த்ததும் வருகிற கேள்வி, "இதுல ஏத்துனா என் பிள்ளை நடந்துருமா?" என்பதுதான். நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி இதற்குப் பதில் தெரிஞ்சிருக்கணும்.

அந்த ரோபோ என்ன செய்யுது?

இந்த வகையில் பேர் பெற்றது 'லோகோமாட்'. சுவிட்சர்லாந்தின் ஹோகோமா நிறுவனம் உருவாக்கியது. இடுப்பு, முழங்கால் இரண்டு இடத்திலும் மோட்டார் இருக்கும். குழந்தையின் எடையில் எவ்வளவைப் பட்டை தாங்கணும், காலை எவ்வளவு இயந்திரம் நகர்த்தணும், எவ்வளவைக் குழந்தையே நகர்த்தணும் என்று சிகிச்சையாளர் கூட்டிக் குறைக்கலாம். இரண்டு பேர் குனிந்து காலைப் பிடித்து நடக்க வைத்தால் சில நிமிடத்தில் முதுகு விட்டுப்போகும். இயந்திரம் ஒரே சீராக நூற்றுக்கணக்கான அடிகள் எடுத்து வைக்க உதவும். அதோட பெரிய பலமே இந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிதான். மூளையில் ஒரு பகுதி பாதிக்கப்பட்டிருந்தால், பயிற்சியால்தான் மற்ற பகுதிகள் அந்த வேலையைப் பழகும்.

நம்ம பக்கத்திலும் இந்த முயற்சிகள் நடக்குது. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற கைப்பயிற்சி ரோபோவை உருவாக்கியிருக்காங்க. ஒரே மோட்டார், கைப்பிடியை மாற்றி மாட்டினால் மணிக்கட்டுக்கும் விரலுக்கும் தனித்தனிப் பயிற்சி. பாதாளச் சாக்கடை சுத்தம் செய்யும் 'பேண்டிகூட்' ரோபோவைச் செய்த திருவனந்தபுரம் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம், 'ஜி-கெய்ட்டர்' என்ற நடைப்பயிற்சி ரோபோவையும் செய்திருக்கு. உவரிக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் எவ்வளவோ பக்கம். அதனால், "ரோபோவெல்லாம் நமக்கு எங்கே?" என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் காலம் காத்திருக்காது

குழந்தைகளுக்கான லோகோமாட்டில் ஏற்ற, தொடை எலும்பு குறைந்தது 21 செ.மீ. நீளம் இருக்கணும். அதற்குக் குழந்தைக்குச் சுமார் நாலு வயசாவது ஆகணும். மூளை முடக்குவாதத்தையோ, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் முன்பே பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியும் என்று 2017இல் சர்வதேச மருத்துவ நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். இடையில் இருக்கிற மூன்றரை வருஷத்தை என்ன செய்யப் போறோம்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மூளை முடக்குவாதம் உள்ள 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உட்காருவது, எழுவது, நடப்பது போன்ற அசைவுகளில் ஒரு குழந்தை எட்டக்கூடிய திறனில் சுமார் 90 சதவீதத்தை ஐந்து வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறது. பாதிப்பு கடுமையாக உள்ள குழந்தைகள் மூன்று வயதுக்குள்ளேயே அந்த அளவுக்கு வந்துவிடுகிறார்கள். "பெரிசானதும் மெஷின்ல பாத்துக்கலாம்" என்று விட்டால், நல்ல விளைச்சல் தரும் பருவத்தைத் தரிசாகப் போட்ட மாதிரி ஆயிரும்.

அந்தோணியாருக்கு நேர்ச்சை வைங்க, சுயம்புலிங்க சுவாமிக்கு வேண்டிக்கோங்க. அதோடு சேர்த்து, கீழே சொல்றதில் ஒண்ணு இருந்தாலும் உடனே குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க:

• நாலு மாதம் ஆகியும் கழுத்து நிற்கவில்லை. கை எப்பவும் மூடியே இருக்கு.
• ஒன்பது மாதம் ஆகியும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை.
• ஒரு வயசுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துது.
• தூக்கி நிறுத்தினால் கால்கள் கத்தரி மாதிரி பின்னிக்குது.
• ஒன்றரை வயசு ஆகியும் நடக்கவில்லை.

"ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் நடப்பான்" என்று சொல்லித் தள்ளிப் போடாதீங்க.

ஆயிக்குடி காட்டும் வழி

மெஷின் இல்லாமல் கிராமத்தில் என்ன செய்ய முடியும்? தென்காசி பக்கம் ஆயிக்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் இயங்குது. தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். அங்கே 'எனேப்ளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியை உருவாக்கியிருக்காங்க. கிராமத்துப் பணியாளர் குழந்தையின் வீட்டுக்கே போய், அம்மாவுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, முன்னேற்றத்தைச் செயலியில் பதிவு செய்வார். நிபுணர்கள் அதைப் பார்த்து அடுத்த இலக்கைத் தருவார்கள். இங்கே தொழில்நுட்பம் குழந்தையைத் தேடி வீட்டுக்கு வருது.

2013இல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததிலும், ஓர் இலக்கு வைத்துச் செய்யும் பயிற்சியும் வீட்டுப் பயிற்சியும் பலன் தருவதாகத்தான் தெரிந்தது. குழந்தை சும்மா கிடக்க, நாம் கை காலை இழுத்து விடுவது மட்டும் போதாது. குழந்தையே முயற்சி செய்யணும். கடற்கரை மணலில் உட்கார வைத்துச் சிப்பி பொறுக்கி டப்பாவில் போடச் சொல்லுங்க. தள்ளாடி நடக்கிற பிள்ளைக்கு நுங்கு வண்டி செய்து கொடுங்க. எது உங்க பிள்ளைக்குப் பொருந்தும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதை மட்டும் சிகிச்சையாளரிடம் கேட்டுத் தீர்மானியுங்க.

உவரியிலிருந்து எங்கே போவது?

• பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையம் எங்கே என்று கேளுங்க. பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.
• பள்ளி வயதுப் பிள்ளை என்றால், வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்க. பள்ளிக்கு வர முடியாத குழந்தைக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு.
• இ-சேவை மையத்திலோ உங்கள் செல்போனிலோ தனித்துவ அடையாள அட்டைக்கு (யு.டி.ஐ.டி.) விண்ணப்பியுங்க. பல உதவிகளுக்கு இதுதான் சாவி. தகுதியுள்ள கடும் பாதிப்புக் குழந்தைகளுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் ₹2,000.
• தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு ₹1 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு; சிகிச்சைப் பயிற்சிகளுக்கும் அதில் இடம் இருக்கு.
• சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருகிற ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது.
• சந்தேகம் வந்தால் 104க்குப் போன் பண்ணுங்க.

பணம் கட்டும் முன் நாலு கேள்வி

யாராவது ரோபோ சிகிச்சைக்கு 'பேக்கேஜ்' சொன்னால் இதைக் கேளுங்க. என் பிள்ளையின் வயசுக்கும் கால் நீளத்துக்கும் இந்த மெஷின் பொருந்துமா? இடுப்பு எக்ஸ்ரே பார்த்தீங்களா? மூணு மாசம் கழித்து என் பிள்ளை எதைப் புதுசாகச் செய்யணும் என்று எதிர்பார்க்கிறீங்க, அதை எப்படி அளப்பீங்க? வீட்டில் நாங்க என்ன செய்யணும்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். "கண்டிப்பா நடக்க வச்சிருவோம்" என்று உறுதி கொடுக்கும் இடத்திலும் கட்ட வேண்டாம். எல்லாப் பிள்ளைகளும் நடப்பார்கள் என்று நேர்மையான சிகிச்சையாளர் யாரும் சொல்ல மாட்டார். தானாக உட்கார்ந்து, தன் கையால் சாப்பிட்டு, சக்கர நாற்காலியில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் ஜெயித்த பிள்ளைதான்.

ரோபோ கிடைத்தால், மருத்துவர் சொன்னால், தாராளமாகப் பயன்படுத்துங்க. அது கிடைக்கும் வரைக்கும் பிள்ளையைச் சும்மா வைக்காதீங்க. உங்க தெருவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், அந்த வீட்டுக்கு இன்றைக்குச் சாயங்காலமே போய் இதைச் சொல்லுங்க.