முன்பனி மாலையும் ஒடியற் கூழும்

பனிக்காலம் என்றவுடன் இன்று நம் சிறுவர்களின் மனக்கண்ணில் எழுவது வாழ்த்து அட்டைகளிற் காணும் வெண்பனி மூடிய கூரைகளே. யாழ்ப்பாணத்தில் வெண்பனி பெய்வதில்லை. ஐப்பசி தொட்டுப் பெய்த மாரி மார்கழியில் மெல்ல ஓய, வாடை வீசத் தொடங்கும். மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என வகுத்தனர் நம் முன்னோர். அவ்விரவுகளில் வெப்பநிலை 22 பாகை செல்சியசு அளவிற்கு இறங்குகின்றது. இதுவும் ஒரு குளிரா என்று நுவரெலியாவில் வாழும் அன்பர்கள் நகைக்கக்கூடும். அங்கே தை, மாசியில் புல்நுனியில் உறைபனி படிவதுண்டு. ஆயினும் ஆண்டு முழுவதும் வெயிலிற் காயும் உடலுக்கு இக்குளிரே போதும்.

இக்காலத்தைக் கொண்டாடப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிச் செல்வோரின் குரல் கேட்டு எழுந்து, முற்றத்தில் கோலமிட்டு, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்த கோப்பியைச் சூடாக அருந்துதலே ஒரு விழாவன்றோ?

மாலைப்பொழுதோ பனைக்கு உரியது. ஆவணி, புரட்டாதியில் பாத்தியில் அடுக்கிய பனங்கொட்டைகள் இப்பருவத்திற் கிழங்காகின்றன. அவித்த கிழங்கை நார் உரித்துத் தேங்காய்ச் சொட்டுடன் உண்பதற்கு ஈடான சிற்றுண்டியை நான் அறியேன். பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். எஞ்சும் ஊமலும் வீணாவதில்லை, அடுப்பெரிக்க உதவும்.

சென்ற ஆண்டின் ஒடியல்மா வீட்டில் மீந்திருப்பின் கூழுக்கு இதுவே தருணம். மாவை நீரில் ஊறவைத்து, மேல்நீரை வடித்தால் கசப்பு நீங்கும். பெரிய பானையில் அரிசி, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, மணலிற் புதைத்து வைத்த பலாக்கொட்டை ஆகியவற்றை அவியவிட்டு, மீனும் நண்டும் இறாலும் சேர்க்க வேண்டும். திருவெம்பாவை நாட்களில் மச்சம் விலக்குவோர் மரக்கறியோடு நிறுத்திக்கொள்ளலாம். பின்னர் அரைத்த செத்தல் மிளகாய், புளி, கரைத்த மா ஆகியவற்றை விட்டுத் துழாவ, கூழ் தடிக்கும். பிளாவில் வார்த்துக் குடித்தல் சிறப்பு, கோப்பையாயினும் குற்றமில்லை.

இத்தனை பண்டங்களும் சேரும் கூழை ஒருவருக்கென்று காய்ச்ச இயலாது. இதை எண்ணும்போது 1983 ஆம் ஆண்டிற்குப் பின்னர் பிள்ளைகள் கடல்கடந்து சென்றுவிட, பெரிய வீடுகளில் தனித்திருக்கும் முதியோரின் நினைவே எனக்கு எழுகின்றது. டொரொன்டோவிலிருந்து பேரப்பிள்ளை தொலைபேசியில் வெண்பனியைக் காட்டுவான். இங்கே பாட்டியார் போர்வைக்குள் இருந்து அதைப் பார்த்துச் சிரிப்பார். பேச்சு முடிந்ததும் வீடு பழையபடி அமைதியாகிவிடும். மாலைக் குளிரில் தமக்கென அடுப்பு மூட்டவும் அவருக்கு மனம் வருவதில்லை.

உங்கள் ஒழுங்கையிலும் அத்தகைய ஒருவர் இருப்பார். கூழ் காய்ச்சும் நாளில் உங்கள் பிள்ளையை அவரிடம் அனுப்புங்கள். தனியே இருக்கிறீர்கள், வாருங்கள் என்று அழைத்தால் அவர் வரமாட்டார், கௌரவம் தடுக்கும். "அம்மம்மா, புளி எவ்வளவு விடுறதெண்டு தெரியேல்லை, வந்து சொல்லுங்கோ" என்று பிள்ளை கேட்கட்டும். போர்வையோடு எழுந்து வருவார். அடுப்பருகே ஒரு பலகையை இட்டு அமர்த்துங்கள். புளியில் தொடங்கும் பேச்சு 1964 ஆம் ஆண்டு மார்கழிப் புயல் வரை சென்று திரும்பும். அதற்குள் கூழ் ஆறிவிடாமற் பார்த்துக்கொள்ளுங்கள்.