நான் பார்த்த நாலு நல்ல படங்கள்

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளை மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற மாதம் இதே மேடையில் உபநிஷத்தைப் பற்றி ஓர் அன்பர் அருமையாகப் பேசினார். இந்த மாதம் காரியதரிசி என்னைக் கூப்பிட்டு, "ஸார், நீங்கள் சினிமாவைப் பற்றிப் பேசுங்களேன்" என்றார். உபநிஷத்துக்கு அடுத்தபடி சினிமாவா என்று யோசித்தேன். ஆனால் ஆசை யாரை விட்டது!

சினிமா பற்றிப் பேச எனக்கு என்ன யோக்யதை? 1971-ல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பௌதிகம் படித்து பி.எஸ்ஸி. பட்டம் வாங்கினேன். பிறகு 37 வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம். கேமரா, எடிட்டிங் இதெல்லாம் ஒன்றும் தெரியாது. கும்பகோணத்தில் தரை டிக்கெட்டில் ஆரம்பித்து, இன்று பேரன் போட்டுக் கொடுத்த ஓ.டி.டி. வரை, காசு கொடுத்துப் படம் பார்த்தவன். அது ஒன்றுதான் என் தகுதி.

பௌதிகம் படித்தவனாதலால் படங்களை அளக்க ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். கதிரியக்கப் பொருள்களுக்கு அரை ஆயுள் என்று ஒன்று உண்டு. இருப்பதில் பாதி சிதைந்து போக ஆகும் காலம் அது. அயோடின்-131 என்பதற்கு எட்டு நாள். ரேடியத்துக்கு சுமார் 1,600 வருஷம். படங்களும் அப்படித்தான். சில படங்கள், தியேட்டர் வாசலில் ஸ்கூட்டரைத் தேடி எடுப்பதற்குள்ளேயே பாதி மறந்து போகின்றன. சில படங்கள் மாதக்கணக்கில் மனசில் நிற்கின்றன. அப்படி நின்ற நாலு படங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஹிந்தியில் 2023-ல் வந்த 'ட்வெல்த் ஃபெயில்'. சம்பல் பிரதேசத்து ஏழைப் பையன் மனோஜ், பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றவன், டில்லிக்கு வந்து மாவு மில்லில் வேலை பார்த்துக்கொண்டே படித்து ஐ.பி.எஸ். ஆன உண்மைக் கதை. விக்ராந்த் மாஸ்ஸி நடித்திருக்கிறார். டைரக்டர் விது வினோத் சோப்ரா இந்தப் படத்தை எடுத்தது எழுபது வயதை ஒட்டி என்பதை நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டும். சிறந்த படம், சிறந்த நடிகர் இரண்டுக்கும் தேசிய விருது கிடைத்தது. நடிகர் விருதை ஷாருக் கானுடன் பகிர்ந்துகொண்டார். அந்தப் பையன் தோற்றதன் காரணம்தான் விசேஷம். பள்ளிக்கூடமே பிட் அடிக்க உதவி செய்யும் ஊரில் ஒரு போலீஸ் அதிகாரி வந்து அதைத் தடுத்துவிடுகிறார். பையன் தோற்கிறான். ஆனால் அந்த அதிகாரியை வெறுக்காமல், அவரைப் போல ஆக வேண்டும் என்று புறப்படுகிறான். சர்க்கார் உத்தியோகத்தில் நேர்மையாக இருந்து என்ன கண்டோம் என்று நம்மில் பலர் அலுத்துக்கொள்கிறோம். நாம் பார்க்காத ஏதோ ஒரு பையன் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

இரண்டாவது, தமிழில் அதே வருஷம் வந்த 'பார்க்கிங்'. மாடியில் ஐ.டி. கம்பெனி இளைஞர் ஹரீஷ் கல்யாண், கீழே ரிடையர் ஆகப் போகும் சர்க்கார் அதிகாரி எம்.எஸ்.பாஸ்கர். கார் நிறுத்த ஒரே ஓர் இடம். இவ்வளவுதான் கதை. இருவருமே கெட்டவர்கள் இல்லை. அதிகாரி லஞ்சம் வாங்காதவர், சிக்கனக்காரர். இளைஞர், முதல் குழந்தைக்குக் காத்திருப்பவர். இந்த இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சமாக எங்கே போய் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தால் பயமாக இருக்கும். சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை, துணை நடிகர் என்று மூன்று தேசிய விருதுகள்.

படம் பார்க்கும்போது என் ஆத்துக்காரி டி.வி.யைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரணம் உண்டு. ரிடையர் ஆன புதிதில், வேப்ப மர நிழலில் என் ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் பக்கத்து ஃப்ளாட் பையன் பைக்கை நிறுத்திவிட்டான். நான் சொஸைட்டிக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவது கடிதத்தில், முந்தைய இரண்டையும் தேதி வாரியாக மேற்கோள் காட்டியிருந்தேன்! ஆபீஸ் போய்விட்டது, அதிகாரம் போகவில்லை. அந்தக் கடிதத்தின் நகல் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. இந்தப் படத்துக்குப் பிறகு அதை எடுத்துப் படித்தேன். எழுதியவர் எம்.எஸ்.பாஸ்கர் மாதிரிதான் இருந்தது.

மூன்றாவது, 2024-ல் கிரண் ராவ் எடுத்த 'லாபதா லேடீஸ்'. 2001-ல் நடப்பதாகக் கதை. ஒரே ரயில் பெட்டியில் இரண்டு புதுமணப் பெண்கள், இருவருக்கும் முகத்தை மூடிய முக்காடு. இருட்டில் மாப்பிள்ளை வேறு பெண்ணை அழைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறான். போலீஸில் காட்ட அவனிடம் இருப்பது கல்யாணப் போட்டோ ஒன்றுதான். அதிலும் பெண்ணின் முகத்தில் முக்காடு! அந்தப் பெண்ணுக்கோ, தான் போக வேண்டிய கிராமத்தின் பெயர் தெரியாது. ஏதோ ஒரு பூவின் பெயர் என்று மட்டும் ஞாபகம். குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வரும் இன்ஸ்பெக்டர் ரவி கிஷனை மறக்க முடியாது. இந்தியாவின் சார்பில் ஆஸ்காருக்கு அனுப்பப்பட்ட படம். நம் வீடுகளில் முக்காடு கிடையாது, இந்தக் கூத்தெல்லாம் வடக்கே நடப்பது என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன். அது எவ்வளவு தப்பு என்று நாலாவது படம்தான் காட்டியது.

அதுதான் 'மெய்யழகன்'. '96' எடுத்த பிரேம்குமாரின் படம், 2024 செப்டம்பரில் வந்தது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து 1996-ல் சென்னைக்குப் போன குடும்பத்துப் பிள்ளை அரவிந்த் சுவாமி. 22 வருஷம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே கார்த்தி "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறார். சாப்பாடு போடுகிறார், வீட்டுக்கு அழைத்துப் போகிறார், பழைய கதையெல்லாம் சொல்கிறார். அரவிந்த் சுவாமிக்கு அவர் யார் என்றே நினைவில்லை. பெயரைக் கேட்கவும் வெட்கம். படம் முழுக்க அந்த ஒரு தவிப்புதான். நீளம் என்று சிலர் சொன்னதால் வெளியான பிறகு சுமார் 18 நிமிடம் வெட்டினார்கள். பேச்சு அதிகம்தான். ஆனால் ஊருக்குப் போனால் பேச்சைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இந்தப் படத்தைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் கிராமம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில். அப்பா காலமான பிறகு 1994-ல் வீட்டை விற்றோம். நான் மூன்று நாள் லீவில் போனேன், ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டேன், திரும்பிவிட்டேன். அந்த வீட்டுக் கொல்லைப்புற அறையில் எங்கள் அத்தை இருந்தாள். பால்ய விதவை. என்னைத் தூக்கி வளர்த்தவள். அவளைப் பெரியப்பா பிள்ளை அண்ணா திருச்சிக்கு அழைத்துப் போனார். நான் மாதாமாதம் மணியார்டர் அனுப்புவதாகச் சொன்னேன். இரண்டு வருஷம் அனுப்பினேன். பிறகு மாற்றல், பையன் படிப்பு என்று நின்றுபோயிற்று. யாரும் கேட்கவில்லை. பதினோரு வருஷம் அத்தை அங்கே இருந்தாள், கடைசி மூன்று வருஷம் படுக்கையில். காரியத்துக்குக்கூட நான் போகவில்லை. மார்ச் மாதம், கணக்கு முடிக்கும் வேலை என்று காரணம் சொன்னேன்.

அத்தனை வருஷமும் அத்தையைக் குளிப்பாட்டி, சாதம் ஊட்டியது அண்ணா இல்லை, மன்னி. அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். மன்னியின் பெயர் என்ன? எனக்குத் தெரியவில்லை. அவர் கல்யாணமாகி வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். அன்று முதல் மன்னிதான். அவர் மாமியாருக்கு மாட்டுப்பெண், பிள்ளைகளுக்கு அம்மா, கடிதத்தில் "மன்னிக்கு நமஸ்காரம்". பத்திரிகைகளில் பெயரைப் பார்த்திருப்பேன், மனசில் ஏறவில்லை. என் மனைவியை எழுப்பிக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. முக்காடு வடக்கே மட்டும்தானா?

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்துக்கு போன் செய்தேன். அண்ணா இப்போது இல்லை. மன்னி பிள்ளையோடு இருக்கிறார். எழுபத்தொன்பது வயது. க்ஷேமலாபங்கள் விசாரித்துவிட்டு, துணிந்து கேட்டேன். "மன்னி, உங்க பேர் என்ன?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு சிரித்தார். "ஏண்டா, அறுபது வருஷம் கழிச்சுப் பேரைக் கேக்கறியே, ரேஷன் கார்டுல பேர் விட்டுப்போச்சா?" என்றார். பிறகு பெயரைச் சொன்னார். அழகான பெயர். "உங்க அத்தை ஒருத்திதான்டா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவா" என்றும் சொன்னார்.

மணியார்டர் நின்றுபோனதைப் பற்றி நான் ஆரம்பித்தேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு? எப்ப வரே?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடிதம் எழுதத் தெரிந்த எனக்கு, மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அடுத்த மாதம் நாங்கள் இருவரும் ஸ்ரீரங்கம் போகிறோம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நேரில் பார்க்கும்போதாவது வாய் வருகிறதா பார்க்க வேண்டும்.

இந்த நாலு படங்களையும் சௌகரியப்பட்டபோது குடும்பத்தோடு பாருங்கள். நேரமிருந்தால், ஞாபகம் மங்கிவரும் ஒரு பெண்மணி தன் பழைய ஊரைப் பார்க்கக் கொங்கணத்துக்குப் போகும் 'த்ரீ ஆஃப் அஸ்' என்ற ஹிந்திப் படத்தையும் பாருங்கள். நான் பார்த்தபோது மனைவி பக்கத்தில் இருந்தது ஆறுதலாக இருந்தது.

'மெய்யழகன்' பார்த்து மாதங்கள் ஆகிவிட்டன. அதன் அரை ஆயுள் எவ்வளவு என்று இன்னும் கணக்கிட முடியவில்லை. குறைய ஆரம்பித்தால்தானே கணக்குப் போட முடியும்!

 காபி தயாராகிவிட்டது என்று காரியதரிசி ஜாடை காட்டுகிறார்.