மானிப்பாயில் தெரிந்த வரம்

குமாரசாமிப் புலவரின் ஊரான இந்தச் சுன்னாகத்தில் மேடையேறுகிற எவருக்கும் ஒரு பயம் இருக்கும். ஒரு சொல் பிசகினாலும் அவையில் யாராவது பிடித்துவிடுவார்கள். ஆகவே தலைப்பில் உள்ள சொல்லிலிருந்தே தொடங்குவது பாதுகாப்பு.

புராணக் கதைகளில் வரம் என்பது தவமிருந்து வாங்குவது. வாங்குகிறவருக்குத் தாம் கேட்டது இன்னதென்று நன்றாகத் தெரியும். விவிலியத்தில் பவுல் பேசும் வரம் வேறு வகை. ஆவியானவர் தம் சித்தப்படி பகிர்ந்தளிப்பது அது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரம், அற்புதங்களையும் குணமாக்குதலையும் சொல்லும் அதே வரிசையில் பிறருக்கு உதவுவதையும் நிர்வகிப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. பிரசங்கங்களில் அந்தப் பின்னிரண்டும் அதிகம் காதில் விழுவதில்லை.

1970களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹூட்ஸ் தயாரித்து, பீட்டர் வாக்னர் திருத்திய ஒரு கேள்வித்தாள் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட கூற்றுகளுக்குப் புள்ளியிட்டுக் கூட்டிப் பார்த்தால் இன்னார்க்கு இன்ன வரம் என்று தெரிந்துவிடும் என்பது ஏற்பாடு. இப்படிப்பட்ட தாள்கள் இன்று பல சபைகளில் புழங்குகின்றன. அவற்றைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கிருந்து சைக்கிள் ஓடும் தூரத்திலுள்ள மானிப்பாயின் கதை, அந்தக் கணக்குக்குள் அடங்காது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீனுக்கு அப்போது வயது ஏறத்தாழ 25. கையில் நியூயோர்க்கில் பெற்ற மருத்துவப் பட்டம். நோயைத் தீர்ப்பதும் சுவிசேஷம் சொல்வதும் என்று இரண்டு வேலைகளுக்காக அமெரிக்க மிஷன் அவரை அனுப்பியது. அடுத்த ஆண்டே மானிப்பாயில் வைத்தியம் தொடங்கியது. ஒரு மனிதர் எத்தனை நாடியைத்தான் பிடித்துப் பார்க்க முடியும்? ஊர்ப் பிள்ளைகளை வைத்தியராக்க வேண்டும் என்ற தேவை வந்தது. கற்பிக்கப் போனபோது புத்தகம் வேண்டியிருந்தது. 1852இல் கட்டரின் உடற்கூற்று நூல் தமிழில் வந்தது. 1857இல் மான்செலின் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம்.

அவருடைய நூல்களின் தலைப்புகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்'. காதில் விழும்போதே அடிமுதல் முடிவரை பாடும் பாதாதிகேசம் நினைவுக்கு வருகிறது. உடற்றொழிலியலுக்குச் 'சுகரணம்'. வேதியியலுக்கு வந்தபோது ஆங்கிலச் சொல்லையே எடுத்து, தமிழ் வாயில் இடறாமல் ஈற்றை மட்டும் மாற்றிக் 'கெமிஸ்தம்' ஆக்கினார்கள். சத்திரசிகிச்சைக் கத்தியோடு வந்தவர், கப்பலேறும்போது தமக்கே தெரியாத ஒரு வேலையில் கைதேர்ந்துவிட்டார். சொல்லாக்கம் என்ற வரத்தை நோயாளிகளும் மாணவர்களும்தான் அவரிடமிருந்து வெளியே இழுத்தார்கள்.

அந்த வரம் அவருக்கு மட்டும் உரியதுமல்ல. டன்போர்த், சப்மன் என்று அமெரிக்கப் பெயர் தாங்கிய தமிழ் மாணவர்கள் கூட இருந்து மொழிபெயர்த்தார்கள். மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடையாளிகளின் பெயரைச் சூட்டிய காலம் அது. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் நின்ற தமிழரின் பங்கை வரலாறு இன்னும் சரியாக அளக்கவில்லை என்பது இந்தத் தலைமை உரையின் முறைப்பாடு.

1864இல் வகுப்புகள் தமிழுக்கு மாறின. ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் என்றிருந்த ஊரில் அதற்கு எதிர்ப்பு இராமல் போகுமா? தொப்பியும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு ஊராரைவிட்டு விலகும் மாணவரைக் கண்டு கிறீன் மனம் நொந்தார். 1873இல் அவர் நாடு திரும்பும்போது அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றியிருந்தார். அவர்களில் 33 பேர் தமிழிலேயே கற்றவர்கள். அமெரிக்காவிலும் பேனா ஓயவில்லை. மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

வரம் வெளிப்பட்ட இன்னொரு மருத்துவரின் கதை தமிழ்நாட்டு வேலூரில் உண்டு; அது இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்த ஜோன் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடருக்கு மிஷனரியாகும் எண்ணமே இருக்கவில்லை. நோயுற்ற தாயைப் பார்க்கத்தான் திண்டிவனம் வந்திருந்தார். ஓர் இரவில் மூன்று கணவன்மார், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் கிடந்த மனைவிக்கு உதவி கேட்டு வாசலுக்கு வந்தார்கள். மருத்துவரான தகப்பனாரை அனுப்பலாமா என்றால் மூவருக்கும் ஆண் வைத்தியர் சம்மதமில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அவர் 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு வேலூரில் பணி தொடங்கினார். 1918இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறந்தது.

ஐடா தம்மிடம் இல்லாததைக் கண்டு புறப்பட்டவர். கிறீன் தம்மிடம் இருந்ததை அறியாமல் புறப்பட்டவர். இருவருக்கும் வழி தெரிந்தது நோயாளி வந்து கேட்ட பிறகுதான்.

ஆகவே வரங்களைப் பற்றி இங்கே கட்டுரை வாசிக்க வந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். வரங்களின் வகைப்பாட்டைச் சுருக்கி, யார் யாரிடம் என்ன கேட்டார்கள், அதன் பிறகு என்ன நடந்தது என்பதை விரித்துச் சொல்லுங்கள். அவையிலிருப்போருக்கும் ஒன்று. கிறீனின் அந்த வைத்திய நூல்களில் ஒன்றாவது உங்கள் வீட்டு அலுமாரியிலோ பெட்டகத்திலோ இருந்தால், செல்லரிக்குமுன் ஒரு நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்.